கோசல மன்னனும் குசல தருமமும்

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இக்காலத்தில் நடைபெறும் தியான வகுப்புகளில், மூச்சைக் கவனித்து மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சி ஒன்று பௌத்தத்தின் சாரம் என்ற பெயரால் கற்பிக்கப்படுகிறது. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் வருந்திய நோயாளிகளுக்காக ஜான் கபட்-ஸின் என்பவர் பாடமாக வகுத்த முறையே இவற்றுள் பலவற்றுக்கு மூலம். துன்புறுவோருக்கு ஆறுதல் தரும் எதையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், புத்தர் பெருமான் உபதேசித்த விழிப்பு இவ்வளவே என்று மக்கள் எண்ணிக்கொள்ளும் நிலை வந்துவிட்டதே, அதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

பாலி நூல்கள் அப்பமாதம் என்று கூறும் அந்த விழிப்பு, துறவிகளுக்கு மட்டும் காட்டில் சொல்லப்பட்டதன்று. கோசல நாட்டு வேந்தன் பிரசேனஜித்து, இம்மைப் பயனையும் மறுமைப் பயனையும் ஒருங்கே தரவல்ல ஒரு தருமம் உண்டா என்று வினவியபோது, பெருமான் அவனுக்குச் சொன்ன விடை அது. நடமாடும் உயிர்களின் அடிச்சுவடுகளெல்லாம் யானையின் அடிச்சுவட்டில் அடங்குவதுபோல, இருவகைப் பயனும் இந்த ஒன்றில் அடங்கும் என்று அவர் விளக்கியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. மன்னன் விழிப்போடிருந்தால் அந்தப்புரத்தாரும் சிற்றரசரும் படையினரும் நாட்டு மக்களும் அவனைப் பார்த்துத் தாமும் விழிப்போடிருப்பர் என்றும், அவனும் அவன் பண்டகசாலையும் காக்கப்படும் என்றும் அதே நிகாயத்தில் மற்றோர் உரையாடல் விரித்துச் சொல்கிறது. நம் வள்ளுவரும் மறவாமையாகிய பொச்சாவாமையைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தே ஓர் அதிகாரமாகப் பாடினார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

விழிப்பு எதன்மேல் வைக்கப்பட வேண்டும் என்பதில் பௌத்தத்துக்குச் சந்தேகமே இல்லை. தோன்றாத தீய எண்ணம் தோன்றாதபடி தடுப்பதும், தோன்றியதை அகற்றுவதும், தோன்றாத நல்லெண்ணத்தைத் தோற்றுவிப்பதும், தோன்றியதைப் பேணி வளர்ப்பதும் ஆகிய நான்கு முயற்சிகளே அதன் வேலை. பேராசையின்மை, பகையின்மை, மயக்கமின்மை என்ற மூன்று வேர்களிலிருந்து எழுவன எல்லாம் குசல தருமங்கள். அவற்றைக் காக்கும் காவலே விழிப்பு. காக்கப்படும் பொருளை மறந்துவிட்டுக் காவலை மட்டும் கற்பிப்பதில் என்ன பயன் இருக்க முடியும்?

இந்தப் பிரசேனஜித்தின் சரித்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அவன் பெருஞ்சோறு உண்டு, மூச்சு வாங்க, பெருமானிடம் வந்து அமர்ந்தான். அவன் நிலையைக் கண்ட பெருமான், அளவறிந்து உண்பவனுடைய நலத்தைப் பற்றி ஒரு செய்யுள் சொன்னார். பின்னால் நின்றுகொண்டிருந்த சுதர்சனன் என்ற பிராமண இளைஞனை மன்னன் அழைத்து, அச்செய்யுளை மனப்பாடம் செய்து தன் உணவு வேளைதோறும் சொல்லுமாறு பணித்து, அதற்கு நாளொன்றுக்கு நூறு காசு கூலியும் ஏற்படுத்தினான். படிப்படியாக அவன் உணவு நாழிச் சோற்றளவில் வந்து நின்றது, உடல் இளைத்தது, தன் அங்கங்களைக் கையால் தடவிப் பார்த்துப் பெருமானின் கருணையை வியந்தான். மன்னர்களிடத்தில் இத்தகைய பணிவு எளிதில் காணக்கூடியதன்று.

ஆயினும், உணவில் விழித்திருந்த அம்மன்னன், செவியில் விழித்திருக்கவில்லை. தட்சசீலத்தில் அவனோடு கல்வி பயின்றவனும் அவன் படைத்தலைவனுமான பந்துலன், கையூட்டு வாங்கிய நீதிபதிகள் தவறாகத் தீர்த்த வழக்கொன்றை மறுபடி கேட்டு நேர்மையாகத் தீர்ப்பளித்தான் என்றும், வருவாய் இழந்த அந்நீதிபதிகள் பந்துலன் அரசைக் கவர எண்ணுகிறான் என்று கோள் மூட்டினர் என்றும், மன்னன் அதை நம்பி, எல்லைப்புறக் கலகம் ஒன்றை அடக்கி வருமாறு அனுப்புவதுபோல் அனுப்பி, பந்துலனையும் அவன் மக்கள் முப்பத்திருவரையும் கொல்வித்தான் என்றும் தம்மபதத்தின் உரைநூலான அட்டகதை உரைக்கிறது. ஒரு சொல்லை விசாரியாமல் நம்பியதன் விலை முப்பத்து மூன்று உயிர்கள்.

அக்கொலைச் செய்தி எழுதிய ஓலை பந்துலனின் மனைவி மல்லிகையின் கைக்கு வந்த வேளையில், அவள் சாரிபுத்தர், மோக்கல்லானர் முதலிய பிட்சுக்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்தாள். ஓலையைப் படித்து மடியில் செருகிக்கொண்டு, பரிமாறுதலை நிறுத்தாமலே தொடர்ந்தாள். பணிப்பெண் ஒருத்தி நெய்க் கலயத்தைத் தவறவிட்டு உடைத்தபோது, உடையும் இயல்புடையது உடைந்தது, வருந்த வேண்டா என்று சாரிபுத்தர் தேற்ற, அப்போதுதான் அவள் ஓலையை எடுத்துக் காட்டினாள். பின்னர் மருமகள்மார் அனைவரையும் அழைத்து, மன்னன்மேல் மனத்தாலும் பகை கொள்ளலாகாது என்று கேட்டுக்கொண்டாள். மூச்சைக் கவனிப்பதால் வரும் அமைதி இதுவன்று. பகை எழ வேண்டிய தருணத்தில், அது எழும் வாசலையே அறிந்து அடைத்த மனம் இது. குசல தருமம் என்பதன் முழு உருவத்தை நான் இவளிடத்தில் காண்கிறேன். அரண்மனையில் அதைக் காணவில்லை.

உண்மை அறிந்த மன்னன் மன்னிப்புக் கேட்டான்; ஆனால் பந்துலனின் சகோதரி மகனான தீர்க்க காராயணனுக்கே படைத்தலைமையை அளித்தான். எண்பதாம் வயதில் அவன் தன் வாளையும் முடியையும் காராயணனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெருமானைத் தரிசிக்கச் சென்றிருந்த சமயம், காராயணன் அவற்றை எடுத்துக்கொண்டு போய் இளவரசன் விடூடபனுக்கு முடிசூட்டினான். உதவி நாடி ராஜகிருகம் சென்ற கிழவேந்தன், கோட்டைக் கதவு அடைத்தபின் வந்து சேர்ந்து, வெளியே ஒரு சத்திரத்தில் அன்றிரவே இறந்தான்.

அவன் தீயவனல்லன், பெருமானிடத்தில் அவன் வைத்த பக்தியைச் சந்தேகிக்க இடமில்லை. தன் நன்மைக்கு வேண்டிய மட்டும் விழித்திருந்தான், பிறருக்கு நேரக்கூடிய தீங்கு கண்முன் நின்ற இடத்தில் அயர்ந்தான். இன்றைய வகுப்புகள் அவனுடைய முதல் பாதியை மட்டும் கற்றுக்கொடுக்கின்றன என்பதே என் முறையீடு. ஊழியர்களுக்கு மனச்சுமை குறையட்டும் என்று தியான ஆசிரியரை வரவழைக்கும் நிர்வாகிகள், கோள் சொல்பவன் பேச்சைக் கேட்டு ஓர் ஊழியனை நீக்கும் முன் எவ்வளவு விசாரித்தோம் என்ற கேள்வியையும் அதே கூடத்தில் அமர்ந்து தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தியானம் கற்பிப்போரும் மூச்சைப் பற்றிச் சொல்லும் அன்றைக்கே நான்கு முயற்சிகளைப் பற்றியும், பந்துலனையும் மல்லிகையையும் பற்றியும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.