நடுத் தண்ணியில நின்னா யார் தள்ளுவா?

இன்டர்னல்ஸ் முடிஞ்சுதா? ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சா? அப்போ தைரியமா வாங்க, இந்த வாரம் போட்டிங் போகலாம்!

அதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்.

போன செமஸ்டர்ல எங்க மினி புராஜெக்ட், சோலார் மாடல் படகு. நான், என் ரூம்மேட், இன்னும் ரெண்டு பேர். ஐடியா என்னவோ செம... பட்ஜெட்தான் பூஜ்யம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு, உள்ளே இருந்த லித்தியம் செல்களை உருவி, சால்டரிங் அயர்னை நேரா அதுங்க தலையிலேயே வெச்சு ஒயர் இழுத்தோம். ‘பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு ஒண்ணு வேணுமேடா?’னு ஒருத்தன் கேட்டான். ‘நாலு பேர் இருக்கோம்ல, மேனேஜ் பண்ணிக்கலாம் மச்சி’னு நான் சொன்னேன். (அந்த மொக்கை ஜோக்குக்கு அப்போ எல்லாரும் சிரிச்சாங்க!)

லேப் பின்னாடி இருந்த தண்ணித் தொட்டியில படகை விட்டோம். ஒரு நிமிஷம் ஜம்முனு ஓடுச்சு. அப்புறம் ஓரத்துல தண்ணி ஏறுச்சு. ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம், வெள்ளைப் புகை. பதறிப்போய் கையை நீட்டினேன். பின்னாடி இருந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. லேப் அசிஸ்டென்ட் அண்ணன்! அடுத்த நொடியே ஒரு செல் பட்டாசு மாதிரி வெடிச்சுப் பறந்தது. என் கை இருந்திருக்க வேண்டிய இடம் அது.

அண்ணன் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தம்பி, இங்கே எரிஞ்சதால விலகி ஓடிட்டீங்க. நெசப் படகுல எரிஞ்சா எங்கே ஓடுவீங்க?”

எங்க நாலு பேர்கிட்டயும் பதில் இல்லை. அதைத் தேடித்தான் செமஸ்டர் லீவுல கொச்சிக்கு ரயில் ஏறினோம்.

சத்தம் போடாத படகு

கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல்ல ஓட ஆரம்பிச்சது. ஹைகோர்ட் துறையில டிக்கெட் எடுத்து, வைப்பின் போற படகுல உட்கார்ந்தோம். டீசல் படகுல போனவங்களுக்குத் தெரியும்... அந்த ‘டபடப’ சத்தமும் புகை நாத்தமும் இறங்கி ரெண்டு மணி நேரம் ஆனாலும் தலைக்குள்ளேயே ஓடும். இங்கே பக்கத்து சீட் பாட்டி மலையாளத்துல பேரனைத் திட்டுறதுகூட தெளிவா கேட்குது. (திட்டு மட்டும் எல்லா மொழியிலயும் புரியுது பாஸ்!)

கொச்சின் ஷிப்யார்டு கட்டின அலுமினியப் படகு. 100 பேர் போகலாம். ரெண்டு மெலிசான உடம்பை மேலே ஒரு தளத்தால சேர்த்து வெச்ச மாதிரி இருக்கும். பேட்டரி 122 கிலோவாட்-அவர். அதாவது, நம்ம கரண்ட் பில் கணக்குல 122 யூனிட். ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு மாசம் தாராளமா வரும். அவ்வளவுதானானு உதட்டைப் பிதுக்காதீங்க. விஷயமே அங்கேதான் இருக்கு.

தண்ணி போடும் கணக்கு

ரோட்டுல வண்டி நின்னா தள்ளலாம். நடுத் தண்ணியில நின்னா யார் தள்ளுவா? அப்போ பெரிய பேட்டரியா வெச்சுட்டா போச்சுனுதானே தோணும்? எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஒரு கிலோ டீசல்ல கிட்டத்தட்ட 12 யூனிட் எனர்ஜி இருக்கு. இன்ஜின் பாதிக்கு மேல சூடா வீணாக்கினாலும், நாலு யூனிட்டுக்குக் குறையாம புரொப்பல்லருக்குப் போகும். அதே நாலு யூனிட்டுக்கு, பெட்டி, ஒயர், கூலிங் எல்லாம் சேர்த்து 30, 40 கிலோ பேட்டரி வேணும். வெயிட் ஏற ஏற படகு தண்ணியில இன்னும் அமுங்கும். அமுங்கினா இழுவை கூடும். இழுவைக்கு இன்னும் பேட்டரி வேணும். ஹாஸ்டல் மெஸ் கடன் மாதிரி, முடிவே கிடையாது!

இன்னொண்ணு, வேகம். தண்ணியில வேகத்தை ரெண்டு மடங்காக்கினா பவர் தோராயமா எட்டு மடங்கு தேவைப்படும். அதனாலதான் வாட்டர் மெட்ரோ பேட்டரியில 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் சுமாருக்குப் போகுது. சைக்கிள் வேகம்தான். ஆனா, டிராஃபிக் சிக்னல் கிடையாதே!

கேரளாவுல இதுக்கு ஒரு அண்ணனும் உண்டு. 2017 ஜனவரியில வைக்கம் - தவணக்கடவு நடுவே ஓட ஆரம்பிச்ச ‘ஆதித்யா’ சோலார் படகு. (வைக்கம்னதும் பெரியார் ஞாபகம் வந்தா நீங்க ஹிஸ்டரியில பாஸ்!) 75 பேர் போற அந்தப் படகோட ரகசியமும் இதேதான். ஒல்லியான உடம்பு, நிதானமான வேகம், கூரை முழுக்க சோலார் பேனல். பேட்டரியைப் பெருசாக்காம, தேவையைச் சின்னதாக்கிட்டாங்க.

கரைதான் பெட்ரோல் பங்க்

இனிமே கெமிஸ்ட்ரி. ஓடிடாதீங்க, ரெண்டே பாராதான்.

லித்தியம் பேட்டரினு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் உள்ளே பல ஜாதி. நம்ம லேப்டாப்புல இருக்கறது நிக்கல், கோபால்ட் வகை. கிலோவுக்கு 200 யூனிட் அளவுக்கு... ஸாரி, 200 வாட்-அவர் அளவுக்குச் சரக்கு தாங்கும், ஆனா கோபக்காரன். அடுத்தது இரும்பு பாஸ்பேட் வகை. கொஞ்சம் குறைவாத் தாங்கும், நிதானம் அதிகம். வாட்டர் மெட்ரோவுல இருக்கறது லித்தியம் டைட்டனேட். கிலோவுக்கு 60, 80 வாட்-அவர்தான். மார்க் ஷீட்டைப் பார்த்தா கடைசி பெஞ்ச் மாணவன்!

அப்புறம் ஏன் அவனைப் போய் எடுத்தாங்க? சாதாரண செல்லுல கிராஃபைட் இருக்கும் இடத்துல இதுல டைட்டனேட் இருக்கு. அவசரமா சார்ஜ் ஏத்தினா, கிராஃபைட் மேல லித்தியம் உலோகமா படிஞ்சு ஷார்ட் ஆகுற ஆபத்து உண்டு. டைட்டனேட்டுல அந்தத் தொல்லை இல்லாத மாதிரிதான். பத்து, பதினஞ்சு நிமிஷத்துல சார்ஜ் ஏத்திக்கும், பல்லாயிரம் தடவை ஏத்தி இறக்கினாலும் தாங்கும். ஃபெர்ரி என்ன பண்ணுது? நாள் முழுக்க இந்தக் கரை, அந்தக் கரை. ஆக, ‘எவ்வளவு தூரம் போகும்?’ங்கறது இங்கே தப்பான கேள்வி. ‘எத்தனை தடவை கரையைத் தொடும்?’ங்கறதுதான் சரியான கேள்வி. அதையும் மீறி ஏதாவது ஆச்சுனா, கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு டீசல் ஜெனரேட்டரும் உள்ளேயே இருக்கு. அதனால இது ஹைபிரிட்.

இதே பாடத்தை நார்வேக்காரங்க 2015-லயே படிச்சாங்க. 120 கார், 360 பேரை ஏத்திக்கிட்டு, லாவிக் - ஒப்பெடால் நடுவே ஃபியார்டைக் கடக்க ஆரம்பிச்ச எலெக்ட்ரிக் ஃபெர்ரி. பேரே ‘ஆம்பியர்’! (ட்ரிபிள் ஈ பசங்க ஒரு விசில் அடிங்க.) இருபது நிமிஷப் பயணம், ஒரு நாளைக்கு 34 தடவை. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? கரையில. ரெண்டு ஊருமே சின்னது. ஃபெர்ரி பத்து நிமிஷத்துல குடிக்கிற கரண்ட்டை அந்த ஊர் லைன் தாங்காது. அதனால ரெண்டு கரையிலயும் 260 யூனிட் பேட்டரி ஒண்ணை நிறுத்தினாங்க. ஃபெர்ரி அந்தப் பக்கம் போயிருக்கும்போது அது மெதுவா சார்ஜ் ஆகும், வந்ததும் மொத்தமா ஊத்திடும். நம்ம வீட்டு மாடி சின்டெக்ஸ் டேங்க் டெக்னிக்!

அந்த ராத்திரி, அந்த கேஸ்கெட்

சரி, லேப் அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

2019 அக்டோபர் 10. நார்வேயில ‘யிட்டெரோய்னிங்கன்’னு ஒரு ஹைபிரிட் ஃபெர்ரி. (வாயில நுழையலையா? எனக்கும்தான்.) சாயங்காலம் பேட்டரி அறையில தீ. நல்லவேளை, கப்பல் தன் இன்ஜின்லயே கரை சேர்ந்தது, எல்லாரும் இறங்கிட்டாங்க. ஆனா, கதை முடியலை. மறுநாள் காலையில கீழ்த்தளத்துல சேர்ந்திருந்த வாயு வெடிச்சது. விஷ வாயு பட்டிருக்கலாம்னு 12 தீயணைப்பு வீரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

காரணம்னு ஆரம்ப விசாரணையில சொன்னது என்ன தெரியுமா? பேட்டரியைக் குளிர வைக்கிற திரவம் கசிஞ்சிருக்கு. கசிஞ்சதுக்குக் காரணம், முறுக்கிக்கிட்ட ஒரு கேஸ்கெட். நம்ம குக்கர்ல இருக்கற ரப்பர் வளையத்தோட சொந்தக்காரன்!

லித்தியம் செல் ஒண்ணு எல்லை மீறி சூடானா, அந்தச் சூட்டுலயே இன்னும் சூடாகும், பக்கத்து செல்லையும் இழுக்கும். அதுக்கு ‘தெர்மல் ரன்அவே’னு பேர். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்ஸைடு மாதிரி எரியக்கூடிய வாயு வரும். தீ அணைஞ்ச மாதிரி நடிக்கும், மறுபடி கிளம்பும். அதனால படகு பேட்டரிக்குத் தனி அறை, செல்களுக்கு நடுவே தடுப்பு, ஒவ்வொரு செல்லோட சூட்டையும் வோல்டேஜையும் பார்த்துக்கிட்டே இருக்கும் மேனேஜ்மென்ட் சிஸ்டம் (ஆமா, நான் கிண்டல் பண்ணின அதேதான்), வாயு வெளியேற ஒரு குழாய்... எல்லாம் வேணும்.

குழாய் வெச்சுட்டா போதுமா? 2021 மார்ச்ல ஓஸ்லோ ஃபியார்டுல ‘பிரிம்’ங்கற ஹைபிரிட் சுற்றுலாப் படகுல தீ. பயணிகள் யாரும் இல்லை, இருந்த நாலு ஊழியர்களும் தப்பிச்சாங்க. விசாரணையில தெரிஞ்சது... காத்து போற வழியிலயே கடல் தண்ணி பேட்டரி அறைக்குள்ள வந்திருக்கு. வாயு போறதுக்கு ஓட்டை வேணும், அதே ஓட்டையில உப்புத் தண்ணி வரவும் கூடாது. எந்த எக்ஸாம்லயும் இப்படி ஒரு கேள்வியை நான் பார்க்கலை. ஆனா, நிஜமான இன்ஜினீயரிங் இதுதான்னு தோணுது.

இதுக்காக யாரும் கடையை மூடலை. 2025 மே மாசம் ஆஸ்திரேலியாவோட ஹோபார்ட்ல ‘சைனா ஜொரில்லா’ங்கற ஃபெர்ரியைத் தண்ணியில இறக்கினாங்க. 130 மீட்டர் நீளம், 2,100 பயணிகள். பேட்டரி மட்டும் 250 டன், 40,000 யூனிட்! அவ்வளவு பெரிய கப்பல்லயும் எத்தனை கேஸ்கெட், எத்தனை சீல், எத்தனை நட்டு இருக்கும்னு இப்போ என் மனசு எண்ண ஆரம்பிச்சுடுது.

திரும்பி வந்து படகை மறுபடி செஞ்சோம். இரும்பு பாஸ்பேட் செல் புதுசா வாங்கினோம். ஃபியூஸ், குட்டி மேனேஜ்மென்ட் போர்டு, தண்ணி புகாத பெட்டி, மேல் பக்கம் வளைஞ்ச ஒரு குழாய். படகு பழசைவிட மெதுவாத்தான் போச்சு. “ஸ்பீடு கம்மியா இருக்கேப்பா?”னு ரிவ்யூல கேட்டு மார்க்கையும் குறைச்சாங்க. வெளியே நின்ன லேப் அண்ணன் படகைக் கையில வாங்கி, முதல்ல மூடியைத் திருப்பி ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார். “ம்... இதுல நான் ஏறுவேன் தம்பி”னார்.

அரை அடிப் படகுதான். ஆனாலும் அந்த சர்ட்டிஃபிகேட்டை நான் ஃப்ரேம் போடாத குறை!

உங்க ரூமுக்கு ஒரு ஹோம்வொர்க்: டிராயரைத் திறந்து பாருங்க. வயிறு உப்பின பழைய செல்போன் பேட்டரியோ, பவர் பேங்க்கோ கிடக்குதா? குத்தாதீங்க, அமுக்காதீங்க, ‘கடைசியா ஒரு தடவை’னு சார்ஜ் போடாதீங்க. குப்பைத் தொட்டியிலயும் போடாம, இ-வேஸ்ட் எடுக்கிற இடத்துல கொடுத்துடுங்க. முக்கியமா, அதை உடைச்சு மினி புராஜெக்ட் பண்ணாதீங்க!

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... ஜூட்!