80 கேஜா, 80 மைக்ரானா? கப்பலேறும் முன் கற்க வேண்டிய சொற்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று. தென்னை நார்க்கழிவை 5 கிலோ கட்டிகளாக அழுத்தி அமெரிக்காவுக்கு அனுப்ப அவர்களுக்கு முதல் ஆணை கிடைத்தது. கட்டியின் ஈரப்பதம், உப்புத்தன்மை, அளவு எல்லாவற்றையும் பலமுறை சோதித்துவிட்டார்கள். ஆனால், கொள்முதல் ஆணையின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கை மரப் பேலட்டில் அடுக்கி, '80 கேஜ் ஸ்ட்ரெட்ச் பிலிம்' சுற்றி அனுப்ப வேண்டும் என்பதே அந்த வரி.

இயக்குநர் ஒருவர் கடைக்குப் போய் 80 மைக்ரான் தாள் கேட்டிருக்கிறார். நிலப்போர்வைத் தாளை மைக்ரான் கணக்கில் வாங்கிப் பழகியவர் அவர். கடைக்காரர் தந்தது கனமான சாதாரண பாலித்தீன் தாள். அது நீளாது, நீளாத தாள் சரக்கை இறுக்கிப் பிடிக்காது. லாரி தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் பல பேலட்டுகள் சாய்ந்துவிட்டன. துறைமுகச் சரக்குக் கிடங்கில் எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி அடுக்கி, சரியான பிலிம் வாங்கிச் சுற்றினார்கள். ஆள் கூலி, கிடங்கு வாடகை, தவறிப்போன கப்பலுக்கான கட்டணம் அனைத்தும் உறுப்பினர்களின் லாபத்திலிருந்துதான் போயின.

அவர்கள் கேட்ட பிறகுதான் நானும் இதைப் படிக்கத் தொடங்கினேன். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். விதை முதல் அறுவடை வரை கேளுங்கள், சொல்வேன். பேலட் சுற்றும் சொற்களை எனக்குச் சொல்லித் தந்தவர், ஒரு சிப்பம் கட்டும் கொட்டகையில் வேலை பார்க்கும் தொழிலாளி. எங்கள் பாடத்திட்டத்தில் இது இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேஜும் மைக்ரானும்

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேஜ் வேறு அளவு. 100 கேஜ் என்பது சுமார் 25 மைக்ரான். அதாவது, கேஜ் எண்ணை நான்கால் வகுத்தால் ஏறத்தாழ மைக்ரான் கிடைக்கும். 80 கேஜ் என்றால் 20 மைக்ரான்தான். அமெரிக்க வியாபாரிகள் பெரும்பாலும் கேஜில் பேசுவார்கள். ஐரோப்பியர்கள் மைக்ரானில் எழுதுவார்கள். நம் ஊர் பாலித்தீன் கடைகளில் இரண்டும் புழங்குகின்றன. தார்ப்பாயை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் விற்பார்கள். அது மூன்றாவது அளவு. எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் என்ன அளவு என்பதை எழுதி வாங்குங்கள்.

ஸ்ட்ரெட்ச் வேறு, ஷ்ரிங்க் வேறு

ஸ்ட்ரெட்ச் பிலிம் இழுத்தால் நீளும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் விசைதான் சரக்கை உள்நோக்கி இறுக்குகிறது. ஷ்ரிங்க் பிலிம் அப்படியல்ல. தளர்வாகப் போர்த்திச் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டில்களைக் கட்டாகச் சேர்த்திருக்கும் பிலிம் அந்த வகை. ஒன்று கேட்டால் இன்னொன்றை வாங்கி வந்துவிடக் கூடாது.

'ப்ரீ ஸ்ட்ரெட்ச் 200 சதவீதம்' என்று ஆணையில் இருந்தால், சுற்றும் முன்பே இயந்திரம் பிலிமை இழுத்து நீட்டுகிறது என்று பொருள். 1 மீட்டர் 2 மீட்டர் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1 மீட்டருடன் இன்னும் 2 மீட்டர் சேர்ந்து 3 மீட்டர் ஆகும். கையால் சுற்றும்போது இந்த அளவு வராது. ஆகவே, இயந்திரத்துக்கான பிலிம் கணக்கைக் கைவேலைக்குப் போட்டு விலை பேசினால் நட்டம் உங்களுக்குத்தான்.

அடிச்சுற்று, மேற்சுற்று, படிவு

பேலட்டின் அடிப்பகுதியில் எத்தனை சுற்று, உச்சியில் எத்தனை சுற்று என்று வாங்குபவர் தனித்தனியாகக் குறிப்பிடுவார். அடிச்சுற்றில் பிலிம் சரக்கோடு நின்றுவிடக் கூடாது. மரத்தட்டின் மேல்பலகையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு ஒரே கட்டாக உறுதியாக இருக்கும். ஆனால், லாரி பிரேக் போடும்போது அந்தக் கட்டு முழுவதும் தட்டை விட்டு நழுவும். 'ஓவர்லாப் 50 சதவீதம்' என்றால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். அப்போது எந்த இடத்திலும் இரண்டு அடுக்கு பிலிம் இருக்கும். 'டெயில்' என்பது சுற்றி முடித்தபின் தொங்கும் நுனி. அதைத் தொங்க விட்டால் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில் சிக்கும். துடைத்து ஒட்டிவிட வேண்டும்.

இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால், பேலட் சாய்ந்து வந்தால், 'நான் சொன்னபடி சுற்றவில்லை' என்று வாங்குபவர் காட்டப்போவது இந்த வரிகளைத்தான்.

அதே பிலிம், எதிர் வேலை

கால்நடை வளர்ப்போருக்கு ஸ்ட்ரெட்ச் பிலிம் புதிதல்ல. மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, உருளைக் கட்டாக இறுக்கி, அதன்மேல் நான்கு முதல் ஆறு அடுக்கு சுற்றினால் சைலேஜ் எனும் பதனத் தீவனம் தயாராகிறது. அங்கே நோக்கம், காற்று துளியும் புகக் கூடாது என்பது. புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அதே பிலிமை அதே மாதிரி வாழைப்பழப் பெட்டிகளைச் சுற்றி இறுக்கினால் என்ன ஆகும்? அறுவடைக்குப் பிறகும் காய் சுவாசிக்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகிறது. அவை வெளியேற வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே தங்கினால் காய் சீக்கிரம் பழுக்கும். காம்பில் பூஞ்சணம் ஏறும். ஏற்றுமதிக்குப் போகும் ஜி9 வாழையை 13 முதல் 14 டிகிரி செல்சியஸில் வைத்து அனுப்புகிறோம். குளிர்பதன கன்டெய்னரில் குளிர்காற்று தரையிலிருந்து மேல்நோக்கி வருகிறது. பேலட்டையும் பெட்டிகளின் காற்றுத் துளைகளையும் பிலிமால் மூடிவிட்டால், அந்தக் காற்று பழத்தைத் தொடாமல் பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். குளிரூட்டக் கொடுத்த காசு வீண்.

அதனால்தான் பழம், காய்கறிக்கு மூலைகளில் அட்டைக் கோணம் வைத்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டுகிறார்கள். அல்லது வலையோ துளையிட்ட பிலிமோ சுற்றுகிறார்கள். பெட்டிகளையும் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி வைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று நேராக அடுக்குகிறார்கள். இரண்டு காரணங்கள் உண்டு. அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் மூலைகளில் இருக்கிறது; மூலைமேல் மூலை நின்றால்தான் எடை தாங்கும். மேல்பெட்டித் துளையும் கீழ்ப்பெட்டித் துளையும் நேர்ப்பட்டால்தான் காற்று ஏறும். பெட்டி பேலட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், மூலைக்குத் தாங்கல் இல்லாமல் நசுங்கும்.

ஆகவே, 'நன்றாகச் சுற்றி அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால், எந்தப் பிலிம், எதைக் காப்பதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். மஞ்சளுக்கும் நார்க்கழிவுக்கும் சரியான பதில், வாழைக்கும் மாம்பழத்துக்கும் தவறான பதில்.

எடையில் ஒளியும் குழல்

பிலிம் உருளை கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. உருளையின் நடுவில் அட்டைக் குழல் இருக்கிறது. மொத்த எடைக்குக் காசு கொடுத்தால் குழலுக்கும் பிலிம் விலை கொடுக்கிறீர்கள். 500 மில்லிமீட்டர் அகலம், 23 மைக்ரான் பிலிம் ஒரு கிலோ சுமார் 94 மீட்டர் வரும். 3 கிலோ உருளையில் குழல் மட்டும் 1 கிலோ என்றால், 280 மீட்டருக்கு மேல் வர வேண்டிய இடத்தில் 190 மீட்டர்கூட வராது. 'நிகர எடை எவ்வளவு, குழல் எடை எவ்வளவு' என்று கேட்டு ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

தடிமனையும் நீங்களே சோதிக்கலாம். 500 மில்லிமீட்டர் அகல பிலிமை இழுக்காமல் பிரித்து, 10 மீட்டர் வெட்டி, சமையலறை எடைத் தராசில் வையுங்கள். 20 மைக்ரான் என்றால் சுமார் 92 கிராம் இருக்க வேண்டும். 23 மைக்ரான் என்றால் சுமார் 106 கிராம். இதைவிட நன்றாகக் குறைந்தால் கடைக்காரரிடம் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பாலில் தண்ணீர் பார்க்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையல்ல.

மரத்தட்டில் ஒரு முத்திரை

மரப் பேலட்டுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி உண்டு. மரத்தோடு பூச்சிகள் நாடு தாண்டாமல் தடுப்பது அதன் நோக்கம். மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அப்படிப் பதப்படுத்திய தட்டில் கதிர் வடிவச் சின்னமும், இந்தியாவுக்கான நாட்டுக் குறியீடும், வெப்பமூட்டியதற்கான குறியீடும் முத்திரையாகப் பதிந்திருக்கும். முத்திரை இல்லாத தட்டில் தங்கத்தை அடுக்கினாலும் அக்கரைத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பலாம். பிலிம் சுற்றும் முன் முத்திரையைப் பாருங்கள். சுற்றிய பிறகும் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏஜென்டிடம் விட்டுவிடலாமா?

'இதெல்லாம் ஏற்றுமதி ஏஜென்ட் வேலை, விவசாயிக்கு எதற்கு?' என்று என் துறை நண்பர்களே கேட்கிறார்கள். விவசாயி வயல் ஓரத்தில் விற்றுவிட்டு வீட்டுக்குப் போன காலத்தில் அந்தக் கேள்வி நியாயம். 2020-ல் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. விவசாயிகளே சேர்ந்து, மதிப்புக் கூட்டி, நேரடியாக விற்க வேண்டும் என்பதுதான் இதுபோன்ற திட்டங்களின் நோக்கம். நேரடியாக விற்பவரே நேரடியாக நட்டத்தையும் ஏற்க வேண்டும். ஏஜென்ட் தன் கட்டணத்தை வாங்கிக்கொள்வார். சாய்ந்த பேலட்டின் செலவு பங்குதாரரான விவசாயியின் கணக்கில் ஏறும்.

சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு சாக்கு அல்ல. சொட்டுநீர் வந்தபோது டிரிப்பர், லேட்டரல், வெஞ்சுரி எல்லாம் புதுச் சொற்கள்தான். இன்று பள்ளிப் படிப்பு முடிக்காத விவசாயியும் அவற்றைச் சரளமாகச் சொல்கிறார். கடையில் புழங்கும் சொல்லையே வைத்துக்கொள்வோம். அதற்குத் தூய தமிழ்ச் சொல் தேடி நேரம் போக்க வேண்டாம். ஆனால், அதன் பொருளைத் தமிழில், நம் தராசிலும் அளவுநாடாவிலும் சோதிக்கும்படி சொல்லித் தருவது அவசியம்.

வேளாண் அறிவியல் நிலையங்களிலும், வேளாண் விற்பனைத் துறையிலும், ஆத்மா திட்டத்திலும் பணியாற்றும் விரிவாக்க நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஏற்றுமதிப் பயிற்சி என்றால் சான்றிதழ்கள், உரிமங்கள் பற்றிய உரையோடு நிறுத்தாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, ஒரு பேலட்டையும் இரண்டு உருளை பிலிமையும் கொண்டுவந்து, விவசாயிகளின் கையால் அடுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். பிறகு அதைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் படங்கள் காட்டுவதைவிட அது மனதில் நிற்கும்.

விவசாய நண்பர்களே, ஆணையில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேளுங்கள்: பிலிமின் அளவு கேஜா, மைக்ரானா? கையால் சுற்றுவதா, இயந்திரத்தாலா? அடியிலும் உச்சியிலும் எத்தனை சுற்று? என் சரக்குக்குக் காற்று வேண்டுமா, வேண்டாமா? தட்டின் நீள அகலம் என்ன, முத்திரை உண்டா? சரக்கு சாய்ந்து வந்தால் செலவு யாருடையது? பதில் புரியவில்லை என்றால், புரியும்வரை கையெழுத்திட வேண்டாம்.

பொள்ளாச்சி நிறுவனத்தின் கொட்டகைச் சுவரில் இப்போது இந்தச் சொற்களைப் பொருளோடு பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் வரி, '80 கேஜ் என்றால் 20 மைக்ரான்'. அந்த வரியை அவர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். உங்கள் கொட்டகைச் சுவரில் அதை இன்றே எழுதிக்கொள்ளலாம்.