சந்தையில் இடம் உண்டு, சபையில் இடம் உண்டா?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். காய்கறி, பூ, பழம், கருவாடு, பிளாஸ்டிக் குடம் என்று இரு பக்கமும் கடைகள். நடுவே இரு சக்கர வாகனங்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். ரயிலிலிருந்து இறங்கி இரவுச் சமையலுக்குக் காய் வாங்குகிறவர்கள் மறுபக்கம். இந்த இடத்தைச் சீரமைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஜனங்கள் நடக்க இடம் வேண்டும், ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். மழை பெய்தால் சேற்றில் உட்காராமல் விற்க ஒரு மேடை வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும்.

ஆனால் சந்தையைச் சீரமைப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. யாரைக் கேட்டுச் சீரமைப்பது?

சந்தை என்றால் எல்லோரும் ஒன்றல்ல. கட்டடத்துக்குள் வாடகைக் கடை வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சங்கத்துக்கு லெட்டர்பேடு இருக்கிறது. அதிகாரி கூப்பிட்டால் போய்ப் பேசச் செயலாளர் இருக்கிறார். கடைக்கு வெளியே தள்ளுவண்டிக்காரர்கள். அவர்களையும் தாண்டி ஓரத்தில், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் கீரைக்கட்டு, முருங்கைக்காய், கருவாடு விற்கும் பெண்கள். பழஞ்செருப்பு தைக்கும் முதியவர்கள். இந்த ஓரத்தில் இருப்பவர்களில் பலர் தலித் மக்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் காலனிகளிலிருந்து விடியற்காலையில் கூடையோடு மின்சார ரயில் ஏறி வருகிறவர்களும் அதில் உண்டு. இவர்களுக்குச் சங்கமும் இல்லை, லெட்டர்பேடும் இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் பகல் பதினொரு மணிக்கு என்றால், வியாபாரத்தை விட்டுவிட்டு வரவும் முடியாது.

<b>ஓட்டு ஓர் ஊரில், பிழைப்பு ஓர் ஊரில்</b>

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. வார்டுகள் 70. அதன் முதல் மேயர் பதவியே பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் ஏரியா சபை என்கிற பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தபோது, முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் இதே மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. கிராம சபையைப் போல நகரத்து மக்களும் கூடிப் பேச ஒரு மேடை கிடைத்தது நல்ல காரியம். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பகுதி சபையின் உறுப்பினர் யார்? அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். இங்கேதான் சிக்கல். மதுராந்தகம் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து முப்பது வருடமாகத் தாம்பரத்தில் கீரை விற்கும் பெண்ணின் ஓட்டு அவருடைய ஊரில் இருக்கிறது. தாம்பரத்துப் பகுதி சபையில் அவர் உறுப்பினர் அல்ல. அவருடைய ஊர்க் கிராம சபையிலோ தாம்பரம் சந்தை பேசுபொருளே அல்ல. இரண்டு சபைகளுக்கும் நடுவே அவர் விழுந்துவிடுகிறார். சந்தைத் தெருவில் வீடு வைத்திருப்பவர் “நெரிசல் தாங்கவில்லை, இவர்களை அப்புறப்படுத்துங்கள்” என்று தீர்மானம் கொண்டுவரலாம். அப்புறப்படுத்தப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கக்கூட முடியாது.

குடியிருப்போர் கருத்தைக் கேட்பது தவறல்ல, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அது பாதிக் கருத்துக்கேட்புதான். முகவரியை வைத்து மட்டும் கருத்துக் கேட்டால், பிழைப்பை இழக்கப் போகிறவர் கணக்கிலேயே வரமாட்டார்.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

இந்த ஓட்டையை அடைக்கத்தான் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014 இருக்கிறது. தெருவில் விற்பது குற்றமல்ல, அது தொழில் செய்யும் அடிப்படை உரிமையில் அடங்கும், அதை ஒழுங்குபடுத்தலாம் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு காத்திருந்துதான் இந்தச் சட்டம் வந்தது. அதில் நம் மக்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய சில விதிகள் உண்டு.

ஒவ்வொரு நகரத்திலும் ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பிரதிநிதித்துவம் தர வேண்டும். இந்தத் தேர்தலில் ஓட்டுப்போடும் தகுதி குடியிருக்கும் தெருவால் வருவதல்ல, விற்கும் தொழிலால் வருவது. கீரைக்காரப் பெண்ணுக்குத் தாம்பரத்தில் குரல் கிடைக்கும் இடம் இதுதான்.

குழு முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. கணக்கெடுத்து, விற்பனைச் சான்று வழங்கி முடியும்வரை ஏற்கெனவே விற்கும் எவரையும் அகற்றக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. அதன் பிறகும் அகற்ற வேண்டிய நிலை வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். ஒரு நகரத்தின் அல்லது வார்டின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் 2,500 பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சான்று வழங்குவதில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவோர வியாபாரிகள் விற்றுவரும் இயற்கையான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது இதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. புறநகரில் இப்படி எத்தனை சந்தைகள் இருக்கின்றன என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதே ஒரு வேலை.

<b>பட்டியலில்தான் பிழைப்பு</b>

எல்லாம் பட்டியலைப் பொறுத்தது. பட்டியலில் பெயர் ஏறியவருக்குப் புதிய கட்டடத்தில் மேடை கிடைக்கும், வங்கிக் கடன் கிடைக்கும். பெயர் ஏறாதவர் மறுநாள் காலையில் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். கணக்கெடுக்கிறவர் பகல் இரண்டு மணிக்கு வந்தால், காலை பத்து மணிக்குக் கீரை விற்றுத் தீர்த்து ரயிலேறிப் போனவர் விடுபட்டுப் போவார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறவர் விடுபட்டுப் போவார். ஆகவே விடியற்காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை என்று கணக்கெடுக்க வேண்டும்.

சான்று பெறுகிறவர் “எனக்கு வேறு பிழைப்பு இல்லை” என்று உறுதிமொழி தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நாற்று நடவுக் காலத்தில் கூலிக்குப் போய், மற்ற மாதங்களில் சந்தைக்கு வருகிற நிலமற்ற பெண் இதற்கு என்ன பதில் சொல்வார்? நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பதே வேறு பிழைப்பு என்று ஒரு அதிகாரி சொன்னால் என்ன ஆகும்? வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு வேலை செய்கிறவரை, வசதிக்காக இரண்டு தொழில் செய்கிறவரோடு சேர்த்து எண்ணக் கூடாது. இதை நகர விற்பனைக் குழு முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும்.

பட்டியலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல நமக்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்து மண்ணே அதைக் கற்றுக் கொடுத்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-இல் இந்தப் பகுதிப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவு வந்தது. ஏட்டில் பெயர் இருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. நிலம் இல்லாதவர்களின் பேத்திகள்தான் இன்று கூடையோடு ரயிலேறுகிறார்கள். ஏட்டில் பெயர் இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஏட்டில் பெயரே இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும்?

<b>மாடிக்கு யார் ஏறுவார்?</b>

சென்னையிலேயே பாடம் இருக்கிறது. தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் நீதிமன்ற உத்தரவின்படி அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019-இல் அந்தச் சாலை அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடி ஏறி வந்து வாங்க ஆளில்லை என்று வளாகத்துக்குள் போனவர்கள் குறைப்பட்டார்கள். ரயிலுக்கு ஓடுகிறவர் கண்ணில் பட்டால்தான் கீரைக்கட்டு விற்கும். இரண்டாவது மாடியில் வைத்தால் வாடித்தான் போகும். கடை எங்கே இருந்தால் வியாபாரம் ஆகும் என்பதைக் கட்டட வரைபடம் போடுகிறவரைவிட, தரையில் உட்கார்ந்திருப்பவர் நன்றாக அறிவார். அவரைக் கேட்பது தயவு அல்ல, பொதுப் பணம் வீணாகாமல் இருக்க வழி.

கடல் தாண்டியும் ஒரு சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பு என்ற இடம் நம் தாம்பரத்தைப் போலவே ரயிலும் பேருந்தும் சந்திக்கும் இடம். நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1990-களின் நடுவில், நகராட்சி அங்குள்ள தெரு வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டது. பயன்படாமல் கிடந்த ஒரு மேம்பாலத்தின் மேல் மூலிகை விற்பவர்களுக்குச் சந்தை அமைந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே இடத்தில் 1910-இல் தொடங்கிய காலைச் சந்தை ஒன்று இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த காய்கறி விவசாயிகள் வளர்த்த சந்தை அது. 2009-இல் அதை எடுத்துவிட்டு மால் கட்ட அதே நகராட்சி திட்டமிட்டபோது வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். மால் வரவில்லை. சேர்ந்து பேசியபோது சந்தை செழித்தது. பேசாமல் முடிவெடுத்தபோது சண்டைதான் மிஞ்சியது.

<b>நாம் கேட்பது என்ன?</b>

பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. அந்த அவையில் நமக்காகக் குரல் கொடுத்த இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். தெருவில் நடக்கும் உரிமைக்கு அன்று போராடினார்கள். அதே தெருவில் உட்கார்ந்து விற்கும் உரிமையைத்தான் இன்று கேட்கிறோம். பட்டியல் சாதியினர் ஒரு தொழிலோ வணிகமோ செய்வதைச் சாதியின் பெயரால் தடுப்பது வன்கொடுமை என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது என்பதையும் நினைவில் வைப்போம்.

தாம்பரம், பல்லாவரம், கூடுவாஞ்சேரி என்று எந்தச் சந்தையைச் சீரமைத்தாலும் நான்கு காரியங்கள் முதலில் நடக்க வேண்டும். ஒன்று, வரைபடம் போடுவதற்கு முன் கணக்கெடுப்பு. அந்தப் பட்டியலைச் சந்தையிலேயே ஒட்டி, விடுபட்டவர்கள் முறையிட அவகாசம். இரண்டு, கருத்துக்கேட்புச் சந்தைக்குள்ளேயே, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில். தரைக்கடைப் பெண்களுக்குத் தனி அமர்வு. மூன்று, வேலை நடக்கும் காலத்தில் விற்க மாற்று இடமும், திரும்பி வர எழுத்துப்பூர்வ உறுதியும். நான்கு, இரவில் அந்தக் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்களையும் கேட்பது. வண்டி எங்கே நிற்க வேண்டும், அழுகிய காய் எங்கே சேர வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அடிக்காசு கட்டிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்; ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், அதுதான் நாளைக்குச் சாட்சி. அடுத்த கிராம சபையில், நம் ஊரிலிருந்து எந்தெந்தச் சந்தையில் யார் யார் எத்தனை வருடமாக விற்கிறார்கள் என்று ஒரு தீர்மானம் போட்டு நகல் வாங்கி வையுங்கள். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் படித்தது அந்தக் கீரைக்கட்டுக் காசில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சந்தைக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் பெயர், ஊர், விற்கும் பொருள், எத்தனை வருடம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாநகராட்சியின் பட்டியல் வரும்போது, ஒத்துப் பார்க்க நம் கையிலும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.