எந்த லென்ஸ் நல்லம்? ஒரு பழைய மாணவனுக்குப் பதில்

நேற்றிரவு என் பழைய மாணவன் ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "சேர், ஃபுஜி மீடியம் போர்மட் ஒண்டு எடுக்கப் போறன். லென்ஸ் 110 நல்லமா, 80 நல்லமா? இல்லாட்டி ஹசல்பிளாட் பக்கம் போகவா?" ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கும் கெட்டிக்காரப் பொடியன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "உம்மா காப்பு ரெண்டையும் தாறன்டு சொல்லுறா."

அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கெமராவில் அக்கறை இல்லாதவர்களும் கொஞ்சம் வாசியுங்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளை இருந்தால் உங்களுக்கும் உதவும்.

நான் நிபுணன் இல்லை. கல்வியியற் கல்லூரிக் காலத்தில் தொற்றிய பழக்கம், இன்னும் விடவில்லை. கட்டாரில் ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்யும் என் மச்சான் போன விடுமுறைக்கு வந்தபோது ஃபுஜி ஜீஎஃப்எக்ஸ் கெமராவையும் இந்த 110, 80 இரண்டையும் கொண்டு வந்தார். கொழும்பிலிருந்து அவருடைய கூட்டாளி ஹசல்பிளாட் எக்ஸ்2டியும் 55வி லென்சும் கொண்டு வந்தார். இரண்டு கல்யாண வீடுகளில் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலாவது, "மீடியம் போர்மட் லுக்" என்று எல்லோரும் சொல்லும் அந்த மங்கல். இந்தக் கெமராக்களின் சென்சர் 43.8க்கு 32.9 மி.மீ. நம் பொடியன்கள் வைத்திருக்கும் புல் பிரேம் 36க்கு 24. பரப்பில் ஏறத்தாழ 1.7 மடங்குதான் வித்தியாசம். வாப்பாமாரின் கல்யாணப் படங்கள் சதுரமாக இருக்குமே, அந்த 120 பிலிமின் சதுரம் பக்கத்துக்கு 56 மி.மீ. புல் பிரேமை விட மூன்றரை மடங்குக்கு மேல். அந்தப் பெயரைத்தான் இன்றைய சென்சருக்கும் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு இலேசானது. இந்தச் சென்சரில் போடும் லென்சின் தூரத்தையும் எஃப் எண்ணையும் 0.79 ஆல் பெருக்கினால் புல் பிரேமில் அதற்குச் சமமானது வரும். 110 எஃப் 2 என்பது 87 மி.மீ. எஃப் 1.6. 80 எஃப் 1.7 என்பது 63 மி.மீ. எஃப் 1.3. தம்பி, உன் பையில் இருக்கும் 85 எஃப் 1.8க்கும் அந்த 110க்கும் மங்கலில் உள்ள இடைவெளி மூன்றில் ஒரு ஸ்டொப் அளவுதான். 85 எஃப் 1.4 வைத்திருப்பவன் 110ஐ விடக் கூடுதலாக மங்கச் செய்யலாம்.

அப்போ வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. மங்கல் எவ்வளவு என்பது வேறு, எப்படி மங்குகிறது என்பது வேறு. 110இல் கண்ணிமை கூர்மையாக நிற்க, கன்னம், காது, தோள் என்று படிப்படியாகக் கரைந்து போகும். எங்கே வெட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது. பின்னாலுள்ள மின்குமிழ்ச் சரங்கள் சத்தமில்லாமல் கிடக்கும். 80ஐ முழுதாகத் திறந்தால் படத்தில் ஒரு மென்மை வரும். எஃப் 2.8க்கு மூடினால் அதுவே இறுக்கமாகிவிடும். முகத்தை மட்டும் எடுக்க 110தான் என் கண்ணுக்கு அழகு. ஆனால் கறுப்பு அபாயாவின் மடிப்பெல்லாம் தெரிகிறதே என்று வியக்கிறோமே, அதில் பெரும்பங்கு சென்சருடையது. லென்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இனிக் கையில் பிடிக்கும் விஷயம். என் அபிப்பிராயத்தில் தீர்ப்பு இங்கேதான்.

110 மட்டும் 1010 கிராம். 80 லென்ஸ் 795. ஹசல்பிளாட் 55வி 372 கிராம்தான். அஸருக்குப் பிறகு தொடங்கி இரவு பத்து மணி வரை தூக்கி நின்றால் இந்த எண்கள் மணிக்கட்டில் தெரியும். 110இல் லீனியர் மோட்டார் இருப்பதால் போகஸ் சட்டென்று வரும். 80இல் அது இல்லை, தேடித் தேடிப் பிடிக்கும். நின்று போஸ் கொடுக்கும் மாப்பிள்ளைக்குப் பரவாயில்லை. ஓடித்திரியும் பிள்ளைகளுக்குச் சரிவராது.

அறையை யோசியுங்கள். நம் வீடுகளில் மணப்பெண் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கெமராவை நிமிர்த்திப் பிடித்துப் பெண்ணைத் தலை முதல் கால் வரை எடுக்க 110க்கு ஏறத்தாழ 5 மீற்றர் வேண்டும், அதாவது பதினாறு அடி. சுவரை உடைத்தால்தான் முடியும். 80க்கு பன்னிரண்டு அடி, முதுகு சுவரில் முட்டும். 55க்கு எட்டடி போதும்.

வெளியே வெயிலுக்கு வந்தால் இன்னொரு கதை. ஹசல்பிளாட்டின் சட்டர் லென்சுக்குள் இருக்கிறது, 1/2000 வரை பிளாஷ் சேர்ந்து அடிக்கும். ஃபுஜியின் சட்டர் உடம்பில், அதனால் 1/125 தான். நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து 1/125இல் எடுத்தால் எஃப் 16 பக்கம் மூட வேண்டும். அங்கே எந்த மங்கலும் மிஞ்சாது. 1/2000 என்றால் எஃப் 4இல் எடுக்கலாம். கடற்கரையில் பகல் நேரம் பிளாஷோடு எடுப்பவனுக்கு ஹசல்பிளாட்டின் விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கறுப்பு என்டி பில்டர் ஒன்று போட்டாலும் பாதிப் பிரச்சினை தீரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கல்யாண வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மகளின் தலைச்சீலையை உம்மா பின்னால் நின்று சரிசெய்கிறார். நான் 110ஐ எஃப் 2இல் வைத்து எடுத்தேன். இரண்டு மீற்றர் தூரத்தில் அந்த லென்சில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ. மகளின் கண் முத்துப்போல வந்தது. ஓரடி பின்னால் நின்ற உம்மாவின் முகம் கரைந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து "அட!" என்றோம். பிறகு படங்களைப் பார்த்த மணப்பெண் கேட்ட முதல் கேள்வி, "உம்மாட முகம் தெரியிற மாதிரி ஒண்டு இல்லையா?" நல்லவேளை, 55வியில் எஃப் 5.6இல் கூட்டாளி ஒன்று எடுத்திருந்தார். இன்று அவர்கள் வீட்டு முன்னறையில் தொங்குவது அதுதான்.

அந்தத் தவறு லென்சுடையது அல்ல, என்னுடையது. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து எஃப் 2 வாங்கியவனுக்கு எஃப் 5.6க்கு மூட மனம் வராது. எனக்கே வரவில்லை, அதுவும் இரவல் லென்சில்!

ஆகவே தம்பி, என் பதில் இது. முகம் மட்டும் எடுக்க 110, வெயிலில் பிளாஷ் அடிக்க ஹசல்பிளாட், 80 இரண்டுக்கும் நடுவே. நம் ஊர்க் கல்யாண வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் 55வி போன்ற பாரம் குறைந்த சாதாரணக் கோண லென்ஸ். ஃபுஜிதான் வேண்டுமென்றால் 63 எஃப் 2.8 இருக்கிறது, 405 கிராம்தான். ஆனால் இவற்றில் எதற்கும் இப்போது உம்மாவின் காப்பைக் கழற்றாதே. நீ தேடும் மங்கல் உன்னிடமே இருக்கிறது. ஒரு நாளைக்கு வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துப் பிடித்துப் பார். உன் வாடிக்கையாளர் பெரிய பிரிண்ட் கேட்டு, உன் உழைப்பிலேயே அந்தக் காசு சேர்ந்த பிறகு வாங்கு. நானே கூட வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

கல்யாண வீட்டுக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். போட்டோக்காரப் பிள்ளையிடம் "என்ன கெமரா வச்சிருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் இவர்களைக் கடனுக்குத் தள்ளுகிறது. அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு அல்பத்தையும் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். அதில் மாப்பிள்ளை பெண்ணோடு உம்மா, வாப்பா, மூத்தம்மாவின் முகங்களும் தெளிவாக இருந்தால், அவரையே பிடியுங்கள்.