ஒரு நாய்க்கு ஐந்து சட்டம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாய் வளர்க்கிற வீடுகளுக்குப் போனால், காப்பி வருவதற்கு முன்பே ஒரு புகார் வந்துவிடுகிறது. ‘சொன்னபடி கேட்கிறதே இல்லை, ஸார்!’ என்கிறார் வீட்டுக்காரர். ‘யார் சொன்னபடி?’ என்று திருப்பிக் கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாய் ஸோபாவில் ஏறலாமா, கூடாதா? தாத்தாவுக்கு அது பக்கத்தில் வந்து படுத்தால்தான் மத்தியானத் தூக்கம் பிடிக்கும். அம்மா பார்த்துவிட்டால் விளக்குமாறு வரும். அப்பா ஞாயிற்றுக்கிழமை அனுமதிப்பார். திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பும்போது கால்சட்டையில் ரோமம் ஒட்டியிருந்தால் அடிப்பார். பெண்ணுக்கு அதோடு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் அவளே தூக்கி உட்கார வைப்பாள். பையனோ ஏறினாலும் கேட்கமாட்டான், இறங்கினாலும் கேட்கமாட்டான். ஒரே ஸோபா, ஒரே நாய், ஐந்து சட்டம்! நம் கோர்ட்டுகளில்கூட எத்தனை அப்பீல் போனாலும் கடைசியில் ஏதோ ஒரு தீர்ப்பு நிற்கும். இங்கே அதுவும் கிடையாது. இதற்குப் பிறகு அந்தப் பிராணிக்கு ‘முரடு’ என்று ஒரு பட்டம் வேறு.

பாஷை விஷயம் இதைவிட வேடிக்கை. காய்கறிக்காரரிடமும் கபாலீசுவரரிடமும் தமிழில் பேசுகிறவர்கள் டாமியிடம் மட்டும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். பேசட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒருவர் ‘கம்’ என்கிறார், இன்னொருவர் ‘இங்கே வாடா’ என்கிறார், பாட்டி ‘வாடி என் செல்லமே’ என்கிறாள். அப்பாவுக்கு ‘டவுன்’ என்றால் தரையில் படு என்று அர்த்தம். அம்மாவுக்கு, மேலே பாயாதே என்று அர்த்தம். பையனுக்கு, மாடிப்படியிலிருந்து இறங்கு என்று அர்த்தம். நாயிடம் அகராதி இல்லை. ஓர் ஓசை, அதை அடுத்து என்ன நடக்கிறது என்ற இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் அது அர்த்தம் கண்டுபிடிக்கிறது. ஒரே ஓசைக்குப் பின்னால் மூன்று விதமாக நடந்தால், அந்த ஓசை அதற்கு மிக்ஸி ஓடுகிற சத்தத்தைப் போலத்தான். நம் கிராமத்துக்காரர்கள் இந்தச் சங்கதியில் கெட்டிக்காரர்கள். ‘தோ, தோ’ என்றால் வா. ‘சூ’ என்றால் பாய். வீட்டுக்கு ஒரு சொல் என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து முழங்காலை முட்டி முட்டிப் பிச்சை கேட்கிறது என்று குறைப்படுகிறார்கள். ‘நாங்கள் கொடுப்பதே இல்லை, எப்போதாவது ஒரு விள்ளல் இட்லி, அவ்வளவுதான்’ என்று சமாதானமும் சொல்கிறார்கள். அந்த ‘எப்போதாவது’தான் விஷம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞரும் ஃபெர்ஸ்டர் என்ற அவருடைய சகாவும் புறாக்களை வைத்து வருஷக்கணக்கில் பரிசோதனை செய்து, 1957-இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்துப் பழகிய பறவை, தீனி நின்றால் சீக்கிரம் முயற்சியை விட்டுவிடுகிறது. எப்போதாவது கிடைத்துப் பழகியதோ விடுவதே இல்லை, கொத்திக்கொண்டே இருக்கிறது. பரிசுச் சீட்டு வாங்குகிறவனின் நிலைமை இதுதான். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இல் தடை செய்துவிட்டார்கள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மட்டும் தினம் மூன்று வேளையும் குலுக்கல் நடந்துகொண்டிருக்கிறது!

‘அடியாத மாடு படியாது’ என்று ஒரு கட்சி உண்டு. காலையில் செருப்பைக் கடித்த நாய்க்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து தண்டனை கொடுக்கிறவர்கள் இந்தக் கட்சி. செய்த காரியத்துக்கும் அதன் பலனுக்கும் நடுவே சில விநாடிகளுக்கு மேல் போனால் நாயால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியாது. ‘இல்லை ஸார், தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, எப்படி முழிக்கிறது பாருங்கள்!’ என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற அம்மையார் இந்த முழியைத்தான் ஆராய்ந்து 2009-இல் எழுதினார். தப்புச் செய்யாத நாயையும் எஜமானர் திட்டினால் அதே முழிதான் முழிக்கிறது. அது முழிப்பது குற்ற உணர்ச்சியால் என்பது நம் கற்பனை. உங்கள் முகத்தைப் பார்த்து முழிக்கிறது. இதைவிட மோசம், ‘வா, வா’ என்று அன்பாகக் கூப்பிட்டு, வந்ததும் முதுகில் ஒன்று வைப்பது. இப்படி நாலு தரம் செய்தால் போதும், ‘வா’ என்ற சொல்லுக்கு ‘ஓடிப் போ’ என்று அர்த்தம் ஆகிவிடும். பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான்.

இந்தக் கட்சிக்கு விஞ்ஞானப் பூச்சும் ஒன்று உண்டு. நாய் ஓநாயின் வம்சம், ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன், ஆகவே நாயை அடக்கி நீ தலைவனாகு என்பது அது. ஷெங்கல் என்பவர் 1947-இல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கதை இது. 1970-இல் அதைப் பிரபலப்படுத்திய மெக் என்ற அமெரிக்கரே, காட்டில் நேரில் பார்த்தபின் 1999-இல் மாற்றி எழுதினார். காட்டில் இருப்பது அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பமாம். நம் ஊரில் இன்னும் பழைய பாடம்தான் நடக்கிறது.

பணமுள்ளவர்கள் பயிற்சியாளரை அமர்த்துகிறார்கள், அல்லது நாயை ஒரு மாதம் எங்கேயோ அனுப்பிவைக்கிறார்கள். அவர் முன்னிலையில் அது சிப்பாய் மாதிரி நிற்கிறது. அவர் கேட்டைத் தாண்டியதும் பழைய கதை. பிரமாதமான ஆச்சரியம் ஒன்றும் இதில் இல்லை. குவாலியருக்குப் பக்கத்தில் டெகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நாய்களைப் பழக்கும் மையம் ஒன்றை நடத்துகிறது. அங்கே நாயோடு அதைக் கையாளப் போகிறவரும் கூடவே இருந்து கற்றுக்கொள்கிறார். வெடிகுண்டு மோப்பம் பிடிக்கும் நாய்க்கே இந்த ஏற்பாடு வேண்டியிருக்கிறது. நாமோ நாயைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தற்குறிகளாக உட்கார்ந்திருக்கிறோம். அடுக்களையில் ‘உட்கார்’ கற்றுக்கொண்ட நாய்க்கு லஸ் முனையில் அதே ‘உட்கார்’ புதுப் பாடம். வாசலில், தெருவில், நடேசன் பூங்கா ஓரத்தில், ஹாரன் சத்தத்தில், மறுபடி மறுபடி சொல்லித்தர வேண்டும். நாளைக்கு நாலைந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும், வீட்டார் எல்லாரும் செய்ய வேண்டும். சம்பளத்துக்கு வருகிறவர் உங்களுக்குப் பதிலாக மூச்சுவிட முடியுமா?

குட்டியின் விஷயம் இன்னும் அவசரம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் எழுதியதன் சாரம் இதுதான்: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையில் குட்டி எதை எதைப் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதுவே அதன் உலகம். நம் வீடுகளில் தடுப்பூசி முடியட்டும் என்று நான்காவது மாதம் வரை மூன்றாம் மாடிப் பால்கனியில் வைத்துவிடுகிறோம். தடுப்பூசி அவசியம்தான், மறுக்கவில்லை. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாமே! குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பாடு கொண்டுவரும் பையன், ஓடுகிற குழந்தை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் அது அப்போது பார்க்க வேண்டும். பார்க்காத நாய் பிற்பாடு அந்தப் பையனின் காலைப் பிடிக்கிறது. எஜமானர் மாடியிலிருந்து ‘ஒன்றும் செய்யாது!’ என்கிறார்.

அந்த ‘ஒன்றும் செய்யாது’ என்ற இரண்டு வார்த்தைகளைத்தான் நான் இந்த நகரத்திலிருந்தே ஒழிக்க விரும்புகிறேன். 2024 மே மாதம் ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. மீட்கப் போன தாயும் காயப்பட்டாள். அவற்றை நிறுத்தும் சொல் எதுவும் அன்றைக்கு அங்கே பலிக்கவில்லை. உடனே ஊரெல்லாம் என்ன பேச்சு? ஜாதி நாய்களைத் தடை செய்யலாமா என்ற பேச்சு! அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், இருபத்து மூன்று இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் மாநகராட்சியும் உரிமம், சில்லு, அபராதம் என்று 2025-இல் கடுமை காட்டியது. உரிமம் இல்லாவிட்டால் ஐயாயிரம் ரூபாய். நல்லதுதான், வரவேற்கிறேன். சங்கிலியும் வாய்க்கூடும் அவசியம். ஆனால் உரிமத்தை நாய் படிக்காது. பெரிய பல் உள்ள நாயை வாங்கி, ஐந்து பேர் ஐந்து விதமாக ஆட்டிவைத்து, கடைசியில் வேலைக்காரம்மாளிடமோ காவலாளியிடமோ சங்கிலியைக் கொடுத்து உலாவ அனுப்புகிறவரை எந்த உரிமம் திருத்தும்?

நாய்க்கும் இதில் கதி மோசம். ‘அடங்கவில்லை’ என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் மனச்சாட்சி உள்ளவர்கள் ஏதாவது பிராணிகள் காப்பகத்து வாசலில் கட்டிவிட்டு வருகிறார்கள். இதே அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்து போராடியதால்தான் 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவதும், எந்நேரமும் கட்டிப்போட்டு உலாவ விடாமல் வைப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு இன்று பாண்டி பஜாரில் டிபனும் காப்பியும் கிடைக்காது. ஆகையால் யாரும் பயப்படவில்லை.

என்னதான் செய்வது என்கிறீர்களா? குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள். அதில் ஆறு சொல் போதும்: வா, உட்கார், படு, இரு, விடு, இறங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம். ஸோபாவுக்கு ஒரே தீர்ப்பு. மேஜையிலிருந்து யாரும் எதுவும் தருவதில்லை, தாத்தா உட்பட. சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். கேட்டவுடன் அதே நொடியில் ஒரு துணுக்கு தீனியோ ஒரு தட்டிக்கொடுத்தலோ தர வேண்டும். ‘பாட்டிக்கு இதெல்லாம் வராதே’ என்பார்கள். பாட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அங்கே பாட்டி தினமும் ஒரு மணிக்கு மிச்சச் சாதத்தோடு வாசலுக்கு வருகிறாள். தெருநாய் ஒன்று காத்திருக்கிறது. ‘இரு’ என்கிறாள். நாய் உட்காருகிறது. இலையை வைத்துவிட்டு அவள் இரண்டடி பின்னால் போகும் வரையில் அது மூக்கை நீட்டுவதில்லை. எத்தனையோ வருஷமாக அதே வேளை, அதே சொல், அதே இலை. அந்த வீட்டுக்கு உள்ளே ஒரு லாப்ரடார் இருக்கிறது. அதற்கு வாரத்தில் மூன்று நாள் பயிற்சியாளர் வருகிறார். கதவைத் திறந்தால் அது பாட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறது.