வாசலில் ஒரு கொத்து வேப்பிலை

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பந்தியில் என் பேரன் பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் நீர் கோத்த கொப்புளங்கள். கேட்டேன். "கொசுக்கடி மாமா" என்றார் அவன் தாயார். இரண்டு வாரம் கழித்து என் பேரனுக்கும் இன்னும் மூன்று குழந்தைகளுக்கும் சின்னம்மை. அந்த மூவரில் ஒரு குழந்தையின் தாய் கர்ப்பிணி. அவருக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் தப்பினார்.

யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. பிழைக்க வந்த ஊரில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்களோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்தில் நோயை மறைப்பது தவறு என்பதே என் கருத்து.

என் இடது கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. என் பேரன் கையில் இல்லை; இனித் தேவையும் இல்லை. பெரியம்மையைத் தடுப்பூசி ஒழித்தது என்போம். அது பாதி உண்மை. நோயாளி எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டதும் அதற்குச் சமமான காரணம்.

பெரியம்மைக் கிருமி உடலில் புகுந்தபின் ஏறக்குறைய 12 நாட்களுக்கு ஒரு குறியும் தெரியாது. அந்நாட்களில் அது பிறருக்குத் தொற்றாது. பிறகு கடும் காய்ச்சல். இரண்டு முதல் நான்கு நாட்களில் வாயில் புண்ணும் உடலில் முத்தும் தோன்றும். அப்போதுதான் தொற்று வேகம் பிடிக்கும். முத்துப் போட்ட முதல் வாரம் மிக மோசம். கடைசிப் பொருக்கு உதிரும்வரை ஆபத்து உண்டு. நெருங்கியிருப்போருக்கு மூச்சு, எச்சில் வழியாகவும், நோயாளியின் துணி, படுக்கை வழியாகவும் பரவும். ஆக, பரப்பும் நேரத்தில் நோயாளியைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். அவரைத் தனியே வைத்து, சுற்றியிருப்போருக்கு உடனே ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

நாம் வாழும் இந்த டாடாநகரே அதற்குச் சாட்சி. 1974-இல் இங்கே பெரியம்மை பரவியபோது, உடம்பு சரியில்லாத தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள். நோயும் கூடவே ஏறி, ஊர் ஊராக இறங்கியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் மூத்த ஊழியர்கள் இதைச் சொல்லி வருந்துவார்கள். அதன்பின் வீடு வீடாகத் தேடினார்கள். நோயாளி வீட்டு வாசலில் காவல் வைத்தார்கள். தகவல் சொல்வோருக்கு வெகுமதி தந்தார்கள், முடிவில் அது 1000 ரூபாய் வரை உயர்ந்தது. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில், வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கண்டதுதான் நம் நாட்டின் கடைசிப் பெரியம்மை. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

சின்னம்மை உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் தொற்றும் விதத்தில் அது பொல்லாதது. முத்துத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லாம் பொருக்குக் கட்டும்வரை பரவும். முதல் இரண்டு நாளை நம்மால் தடுக்க முடியாது. மீதி நாட்களிலும் மறைத்தால் எப்படி? கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் அது விளையாட்டல்ல.

நம் பாட்டிமார் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைப் பார்த்த யாரும் உள்ளே வரமாட்டார்கள். ரயில்வேயில் சிவப்பு விளக்கு செய்யும் வேலையை அந்தக் கொத்து செய்தது. அடுக்குமாடிக்கு வந்ததும் அதை மட்டும் ஏன் விட்டோம்?

அம்மை கண்டால் சங்கத்துக்கும் பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிக்கெட் எடுத்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தொற்றுநோய் உள்ளவர் அனுமதியின்றி ரயிலில் பயணம் செய்யலாகாது என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 56-ஆம் பிரிவும் சொல்கிறது. சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். சொன்ன வீட்டை ஒதுக்காமல், வாசல்வரை சாப்பாடு கொண்டுபோய் வைப்பது மற்றவர் கடமை. அதைச் செய்தால் யாரும் மறைக்க மாட்டார்கள்.