டயரில் எத்தனை பவுண்டு காற்று?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பென்னலூர். அங்கே சாலை ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிக்-அப் வேன்கள் வரிசையாக ஓடும். ஒன்றில் இரும்புச் சாமான். ஒன்றில் அட்டைப் பெட்டி. ஒன்றில் தண்ணீர் கேன். சில வேன்களில் பாரம் தாங்காமல் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்!

இந்த வட்டாரம் டயருக்குப் பெயர் போனது. ஒரகடத்தில் அப்போலோ ஆலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட் ஆலைகள். டயர் பிறக்கிற ஊரிலேயே, "டயருக்கு எவ்வளவு காற்று?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

"லோடு ஜாஸ்தி அண்ணே, இன்னும் பத்து பவுண்டு ஏத்துங்க" என்பார் ஒருவர். "வெயில் கொளுத்துது, கொஞ்சம் இறக்கி விடுங்க" என்பார் இன்னொருவர். முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது முழுத் தவறு!

தாங்குவது எது?

வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று. ரப்பர், காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கம் பிதுங்கும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடு ஏறுகிறது அல்லவா? அதே கதைதான். சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் இழைகள் ரப்பரை விட்டுப் பிரியும். ஓடுகிற வேகத்தில் டயர் வெடிக்கும்.

காற்று அதிகமானால்? டயரின் நடுப்பாகம் மட்டும்தான் தரையில் நன்றாகப் படியும். பிரேக் போட்டால் பிடிப்பு குறையும். வெறும் வண்டியாக இருந்தால் குதித்துக் குதித்து ஓடும்.

தேய்மானத்தைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

எந்த எண் சரி?

டிரைவர் ஏறும் கதவின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அங்கே இல்லாவிட்டால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். முன் டயருக்கு ஓர் எண். பின் டயருக்கு வேறு எண். பல வண்டிகளில் வெறும் வண்டிக்கு ஓர் அளவு, முழு லோடுக்கு ஓர் அளவு. அந்த எண்தான் சரி.

டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பவுண்டு கணக்கு வேறு. அது டயருக்கு மேல் எல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பாரத்துக்கும் ஒரு குறி எண் டயரிலேயே உண்டு. 100 என்று இருந்தால், அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. அதுவும் சரியான காற்று இருந்தால்தான். அந்த எல்லையைத் தாண்டி லோடு ஏற்றிவிட்டு, இன்னும் பத்து பவுண்டு அடித்தாலும் டயருக்குப் புதுப் பலம் வராது.

காலையில், வண்டி கிளம்பும் முன் அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் ஏறும். அது இயற்கை, டயரைச் செய்தவர்களுக்கும் தெரியும். பயந்து காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் காற்று போதாது.

அமெரிக்காவில் நடந்தது

2000-ம் ஆண்டு ஆகஸ்டில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. போர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் டயர் பிய்ந்து, வண்டி உருண்டு, 250 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். போர்டு சொன்ன காற்று 26 பவுண்டு. பயர்ஸ்டோன் வேண்டும் என்றது 30 பவுண்டு. கார்க்காரர் டயரைக் குறை சொன்னார். டயர்க்காரர் காற்றையும் காரையும் குறை சொன்னார். நாலு பவுண்டுக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் சண்டை!

பிறகு அங்கே சட்டம் வந்தது. காற்று குறைந்தால் டிரைவர் முன்னால் விளக்கு எரிய வேண்டும். கார் மட்டுமல்ல, சிறிய பிக்-அப் வண்டிக்கும் அது கட்டாயம்.

இங்கே?

நம் நாட்டில் அந்த விளக்கும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-ல் விதி வந்தது. ஆனால் கார்க்காரருக்குக் கிடைத்த விளக்கு, நெடுஞ்சாலையில் சுமை இழுக்கும் பெரும்பாலான வேன்களில் இல்லை.

அதிக பாரத்துக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டியவருக்கு மட்டும் அல்ல, ஓட்டச் சொன்னவருக்கும் இது பொருந்தும். ஆனால் சாலையில் போலீஸ்காரர் கையைக் காட்டும்போது இறங்கி நிற்பவர் யார்? டிரைவர்தான். டயர் வெடித்தாலும் உள்ளே இருப்பவர் அவர்தான். "ஒரே டிரிப்பில் முடித்துவிடு" என்று சொன்னவர் ஆபீசில் இருப்பார்.

டிரைவரிடம் இருப்பது ஓர் இரும்புக் கம்பி. டயரைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "காத்து இருக்கு" என்று கிளம்புகிறார். பத்து பவுண்டு குறைந்திருந்தால் அந்தச் சத்தத்தில் தெரிவது கடினம். காற்று அளக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.